எரியாத விளக்குகள்

இளங்கலை வகுப்பில் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நடத்திக்கொண்டிருந்தேன். சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, கருவுற்றிருக்கும் விசயைக்கு அதைச் செலுத்தக் கற்பிக்கும் பகுதி. விசையை வலப்புறம் திருகினால் மயில் மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும்.

"ஐயா, இவ்வளவுதானா? பறப்பதற்கு இது போதுமா?" என்று கேட்டான் ஒரு மாணவன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "காப்பியக் கற்பனைக்கு இது போதும், தம்பி" என்று அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். இருபது ஆண்டுகளாக அந்த இடத்தை அப்படித்தான் கடந்து வந்திருக்கிறேன்.

அந்தக் கோடையில், விமானி உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகன் அவனியாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை நிறுவி, ஒரு ஜாய்ஸ்டிக்கையும் இணைத்து வைத்திருந்தான். அதில் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் விமானி அறை முழுவதும் இருந்தது. ஆர்வலர்கள் கூடி உருவாக்கி இலவசமாகத் தருகிற மாதிரி அது. மாணவனின் கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததால், "எனக்கும் சொல்லிக் கொடேன்" என்று கேட்டேன். நாற்பதைக் கடந்த தமிழாசிரியனுக்கு இது எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அதற்காகவே அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நாள் விமானம் நகரவே இல்லை. மின்கலத்தை இயக்கி, வால்பகுதியில் இருக்கும் துணை எஞ்சினுக்கு உயிர் கொடுத்து, மூன்று திசையறி கருவிகளைத் தொடங்கிவிட்டுக் காத்திருந்தோம். அவை லேசர் ஒளியைக் கொண்டு பூமியின் சுழற்சியை உணர்ந்து வடக்கைக் கண்டுபிடிக்கின்றன. சில நிமிடங்கள் பிடிக்கும் அந்த வேலை முடியும்வரை விமானம் அசையக் கூடாது. தான் நிற்கும் இடத்தை அறியாமல் புறப்படாத அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

தலைக்கு மேலிருந்த பலகைதான் என்னை அச்சுறுத்தியது. எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக், காற்றழுத்தம் என்று வரிசை வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றின் பெயரையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மாணவப் பருவத்தில் நூற்பா மனனம் செய்ததைப்போல ஒப்பிக்கத் தொடங்கினேன். மருமகன் தடுத்தான்.

"பேரை மனப்பாடம் பண்ணாதீங்க மாமா. எது எரியுதுன்னு மட்டும் பாருங்க. எல்லாம் சரியா இருந்தா இந்தப் பலகை இருட்டாத்தான் இருக்கும்."

ஏர்பஸ் வடிவமைப்பாளர்கள் வகுத்த நெறி அது. பழுது என்றால் மஞ்சள், உடனே கவனிக்க வேண்டியது என்றால் சிவப்பு, ஒரு பொத்தான் வழக்கமான நிலையில் இல்லாமல் அணைத்து வைக்கப்பட்டிருந்தால் வெள்ளை. குறையில்லாத விமானம் பறக்கும்போது பலகை மௌனமாகிவிடுகிறது.

மயிற்பொறியின் விசைக்கு இணையான ஒன்றும் அங்கே இருந்தது. கண்ணாடிக்குக் கீழே, உயரத்தைக் குறிக்கும் ஒரு குமிழ். வலப்புறம் திருகினால் எண் கூடுகிறது. இடப்புறம் திருகினால் குறைகிறது. திருத்தக்கதேவர் சொன்ன அதே முறை என்று மகிழ்ந்து திருகினேன். எண் மாறியது, விமானம் மாறவில்லை. திருகுவது விருப்பத்தைத் தெரிவிப்பது மட்டுமே. அதன் பிறகு குமிழை இழுக்கவோ அழுத்தவோ வேண்டும். இழுத்தால் 'நான் சொல்கிறபடி செல்' என்று பொருள். அழுத்தினால் 'வகுத்த திட்டப்படி நீயே பார்த்துக்கொள்' என்று பொருள்.

சில வாரங்களில் மதுரையிலிருந்து எழும்பிச் சென்னையில் இறங்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். அப்போதுதான் எனக்குள் வேறொரு எண்ணம் வந்தது.

என் பெரியப்பா சின்னமனூரில் வயல் வைத்திருந்தவர். சிறுவயதில் அங்கே போகும்போதெல்லாம் மேற்கே மலையைக் காட்டி ஒரு விபத்தைச் சொல்வார். 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் எச்எஸ்748 விமானம், தரையிறங்குவதற்காகத் தாழ்ந்து வருகையில் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. பகல் நேரம்தான், ஆனால் பார்வைத் தெளிவு குறைந்திருந்தது. விமானத்தில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தனர். "மேகம் மூடிட்டா மலை இல்லைன்னு ஆயிருமா?" என்பார் பெரியப்பா. அதை ஒரு பழமொழியைப்போல அவர் வேறு பல சமயங்களிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வரைபடத்தில் திருவனந்தபுரத்தையும் மதுரையையும் நேர்கோட்டால் இணைத்தால், சின்னமனூர் அந்தக் கோட்டுக்கு வடமேற்கே தள்ளி நிற்கிறது. ஓர் இரவு, மருமகன் உறங்கிய பின், திருவனந்தபுரத்திலிருந்து தனியே கிளம்பினேன். வேண்டுமென்றே கோட்டை விட்டு விலகி, மேகத்துக்குள் புகுந்து, குமிழை 3,000 அடிக்குத் திருகி இழுத்தேன். பலகை இருட்டாக இருந்தது. எஞ்சின்கள், மின்சாரம், எரிபொருள் எல்லாம் சரி. விமானத்தில் ஒரு குறையும் இல்லை.

திடீரென்று ஒரு குரல் எழுந்தது. முன்னே நிலம் என்றும், மேலே இழு என்றும் ஆங்கிலத்தில் அது திரும்பத் திரும்பக் கத்தியது. என் கை நேரே குமிழுக்குத்தான் போயிற்று. வலப்புறம் திருகினேன், விசயையின் பாடத்தைத்தான் செய்தேன். இழுக்க மறந்துவிட்டேன். மலை திரையை நிறைத்தது.

குரல் கேட்டால் குமிழைத் தொடக் கூடாது. ஜாய்ஸ்டிக்கைக் கடைசிவரை பின்னால் இழுத்து, எஞ்சின் விசையை முழுவதும் முன்னே தள்ள வேண்டும். மருமகன் சொல்லித் தந்திருந்தான், நோட்டிலும் எழுதியிருந்தேன். ஆனால் கைக்குத் தெரியவில்லை. அன்றிரவு அதே மலையை நோக்கி ஏழு முறை பறந்தேன். நான்காம் முறைதான் தப்பினேன்.

இந்தக் குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. டான் பேட்மேன் என்ற பொறியாளர் 1960களின் பிற்பகுதியில் இதற்கான கருவியை உருவாக்கத் தொடங்கினார். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே ஒரு விமானம் குன்றில் மோதி 92 பேர் இறந்த பிறகே அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது. தொடக்கக் காலக் கருவி விமானத்துக்கு நேர் கீழே இருக்கும் நிலத்தை மட்டும் அளந்தது. நிலவரைபடத்தை நினைவில் கொண்டு முன்னால் வரும் மலையையும் அறியும் கருவி 1990களில் வந்தது. சின்னமனூர் மலையில் இறந்தவர்களுக்கு இந்தக் குரல் கேட்டிருக்க வழியில்லை. எனக்குக் கேட்டது, அப்படியும் மோதினேன். நான் மறுபடி தொடங்க ஒரு பொத்தான் இருந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

அதன்பின் நாமகள் இலம்பகத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். அரசன் ஆபத்து வரும் முன்பே விசயையைப் பறக்கப் பழக்குகிறான். அவளும் நன்றாகவே பழகுகிறாள். ஆனால் வானில் செல்லும்போது பகைவனின் வெற்றி முரசு காதில் விழ, கணவன் இறந்தான் என்று அறிந்து மயங்குகிறாள். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. பொறியில் பழுதொன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகள் நான் 'கற்பனை' என்று சொல்லி ஒதுக்கிய இடத்தில், பறக்கும் பொறியை மட்டுமல்லாமல் அதைச் செலுத்துபவளின் மனத்தையும் அந்தத் துறவி நினைத்துப் பார்த்திருக்கிறார்.

கல்லூரி திறந்ததும் அந்த மாணவனைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். கேள்வி அவனுக்கு மறந்திருந்தது. நினைவூட்டி, "போதாது, தம்பி" என்றேன்.