தவுண்டு முதல் லோணாவளா வரை

பிழைப்பின் பொருட்டுப் புனே நகரில் குடியேறிய நம்மில் பலர், சிங்ககட் கோட்டையையும் சனிவார் வாடாவையும் பார்த்ததோடு இவ்வூரை அறிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். ரயில்வே ஊழியனாகிய எனக்குக் கிழக்கே தவுண்டுக்கும் மேற்கே லோணாவளாவுக்கும் சென்றுவரும் வாய்ப்பு உண்டு. சுமார் 140 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் வறண்ட வயல்வெளி, நகரம், மலைக்காடு என மூன்று நிலங்கள் அடங்கியுள்ளன. ரயிலை விட்டிறங்கிச் சற்று நடந்தால், அந்தந்த நிலத்திற்குரிய மரங்கொத்திகளைக் காணலாம்.

தவுண்டுப் பக்கத்தில் மழை குறைவு. வயலோரக் கருவேல மரங்களிலும் மாந்தோப்புகளிலும் மராட்டிய மரங்கொத்தி வாழ்கிறது. மைனாவினும் சிறியது, நெற்றி மஞ்சள், ஆணின் பிடரியில் செந்நிறத் திட்டு உண்டு. 1801-ஆம் ஆண்டில் லேதம் என்னும் ஆங்கிலேயர் இதற்கு இட்ட அறிவியற் பெயரில் இந்நாட்டின் பெயரே விளங்குகிறது. அடர்ந்த காட்டை இது விரும்புவதில்லை.

நகரத்துச் சாலை மரங்களிலும் தோட்டங்களிலும் பொன்முதுகு மரங்கொத்தியைப் பார்க்கலாம். நம்மூர்த் தென்னந்தோப்புகளில் உரக்கக் கூவிப் பறக்கும் அதே பறவைதான். அதன் குரலைக் கேட்கும்போது பிறந்த ஊரின் நினைவு வராதவர் யார்?

மேற்கே மலைத்தொடரின் ஈரக் காடுகளில் செம்பழுப்பு மரங்கொத்தியைக் காணலாம். எறும்புகள் மரக்கிளையில் கட்டிய கூட்டைக் குடைந்து அதிலேயே முட்டையிடும் விந்தைப் பறவை இது. எறும்பே அதன் உணவு. எறும்பின் வீடே அதன் வீடு.

நிலத்திற்கு நிலம் இனம் வேறுபட்டாலும், பெரும்பாலான மரங்கொத்திகளுக்கு வேண்டுவது ஒன்றே: முதிர்ந்த மரமும் பட்ட கிளையும். உளுத்த மரத்திலேதான் புழுக்கள் மிகுதி. பொந்து குடைவதும் எளிது. ஆகவே, காடா வயலா என்பதைவிட, அங்கே முதுமரம் விட்டுவைக்கப்பட்டிருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. வரப்பில் நிற்கும் ஒரு கிழட்டு மாமரம் மரங்கொத்திக்கு இடம் தரும்; இளங்கன்றுகள் மட்டுமே நிறைந்த பெருந்தோப்பு தராது.

அமெரிக்காவில் தந்த அலகு மரங்கொத்தி என்னும் பேரினம் முதுமரக் காடுகளை நம்பி வாழ்ந்தது. அக்காடுகள் வெட்டப்பட்டன. 1944-க்குப் பின் யாவரும் ஏற்கத்தக்க சான்றோடு அதைக் கண்டவர் இல்லை.

மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தில் மைனா, கிளி, சிறு ஆந்தை முதலியன குடிபுகும். ஒரு பட்ட கிளை வீழ்ந்தால் பல குடும்பங்கள் வீடிழக்கின்றன. வாடகை வீடு தேடி இந்நகரெங்கும் அலைந்த நமக்கு அத்துன்பம் தெரியாததன்று.

எனவே, அன்பர்களே, தங்கள் குடியிருப்பில் உலர்ந்த கிளையை வெட்ட முடிவு செய்யுமுன், அதில் பொந்து உள்ளதா என்று பாருங்கள். ஆட்கள்மீது விழும் அபாயம் இல்லையாயின் விட்டுவையுங்கள். பிப்ரவரி முதல் ஜூலை வரை அவை குஞ்சு பொரிக்கும் காலம்; அக்காலத்திலேனும் கோடரியைத் தள்ளிவைப்போமாக.