கொமோடோவின் ஒற்றையடிப் பாதை

தோட்டத்திற் பிறந்து, தோட்டத்திலேயே கிராணியாகத் தொழில் பார்த்து வருபவன் நான். ரப்பரும் செம்பனையும் அணிவகுத்து நிற்கும் நிரைகளினூடே நாள்தோறும் நடப்பவனுக்குப் பச்சையும் ஈரமும் பழகிப்போனவை. மழை அரிதான நிலம் ஒன்று உண்டென்பதை அவன் படித்து அறிவானேயன்றிக் கண்டு அறியான். பனங்காட்டையும், முள்ளடர்ந்த இலந்தைப் புதரையும், கோடையில் வெடித்துக் கிடக்கும் மண்ணையும் என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவற்றை நான் முதன்முதலாகக் கண்ணாரக் கண்டது பாட்டனார் பிறந்த நாட்டிலன்று. இந்தோனேசியாவைச் சேர்ந்த கொமோடோ தீவில்.

உலகின் மிகப் பெரிய உடும்பு வாழும் தீவு அது என்பதை நேயர்கள் அறிவர். அவ்விலங்கின் பெருமையைக் கூறப் பலர் உளர். அத்தீவின் கரையோரப் பாதைகளில் இரண்டு நாள் நடந்தபோது என் நெஞ்சிற் குத்திய முள் ஒன்றைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகிய நண்பரும் நானும் புறப்பட்டோம். புளோரஸ் தீவின் மேற்குக் கோடியில் லாபுவான் பாஜோ என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே படகேறினோம். அக்கடல் பார்வைக்கு அமைதியானது, உள்ளே அமைதியற்றது. புளோரஸ் கடலின் நீரும் இந்தியப் பெருங்கடலின் நீரும் தீவுகளுக்கிடையேயுள்ள ஒடுங்கிய வழிகளிற் பாய்ந்து மோதிச் சுழிகளை உண்டாக்குகின்றன. படகோட்டி பேச்சை நிறுத்தி நீரையே பார்த்துக்கொண்டிருந்த இடங்கள் சில உண்டு. அவ்விடங்களில் நாங்களும் பேசவில்லை.

முதலில் பாடார் தீவில் இறங்கினோம். கொமோடோவுக்கும் ரிஞ்சாவுக்கும் இடையே கிடக்கும் சிறு தீவு அது. கதிரவன் எழுமுன்னரே குன்றேறத் தொடங்கினோம். பல நூறு படிகள். இருபுறமும் முழங்காலளவு காய்ந்த புல். காற்றடிக்கும்போதெல்லாம் அது கடலைப் போலவே ஒலித்தது. உச்சியை அடைந்தபோது விடிந்தது. பிளவுபட்ட மலைமுதுகு கீழே நீண்டு வளைந்து கிடக்க, அதன் மடிப்புகளில் மூன்று வளைகுடாக்கள் தோன்றின. ஒன்றின் மணல் வெண்மை, ஒன்றின் மணல் கருமை, மற்றொன்று இளஞ்சிவப்பு. செந்நிறமுள்ள நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் நொறுங்கி வெண்மணலோடு கலப்பதால் அச்சிவப்பு உண்டாகின்றது என்பர். நிழல் தரும் மரம் ஒன்றும் அருகில் இல்லை. நண்பர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “பாருங்கள் கிராணியாரே, மனிதன் வாழ்ந்தறியாத நிலம் என்றால் இதுதான்! ஆளற்ற நிலம்!” என்றார். நானும் ஆமென்று தலையசைத்தேன்.

மறுநாட் காலையில் கொமோடோ தீவின் லோ லியாங் துறையை அடைந்தோம். ‘லோ’ என்பது அப்பகுதி மக்களின் மொழியில் வளைகுடாவைக் குறிக்கும். வழிகாட்டி இன்றி அங்கு எவரும் நடத்தல் கூடாது. எங்களுக்கு வாய்த்தவர் கொமோடோ கிராமத்தைச் சேர்ந்த நடுவயதினர். அவர் கையில் இருந்த ஆயுதம் ஒரு கவைக்கோல் மட்டுமே. உடும்பு நெருங்கினால் அதன் கழுத்தருகே கவையை வைத்துத் தள்ளிவிடுவாராம். அவர் பேசிய இந்தோனேசிய மொழி எங்கள் மலாய்க்கு உறவாதலால் பேச்சுக்குக் குறைவில்லை. குறும்பாதை, நடுப்பாதை, நெடும்பாதை என மூன்றனுள் நெடும்பாதையைத் தேர்ந்தோம்.

பாதையிற் கால் வைத்ததும் நான் திகைத்து நின்றுவிட்டேன். முன்னே நின்றது பனை! அதனருகே புளி, அப்பால் இலந்தை. பாட்டனார் வாயாற் கேட்ட மரங்களெல்லாம் யாரும் நடாமலே அங்கு நின்றன. இதில் விந்தை ஒன்றுமில்லை. நம் மலேசியத் தோட்டங்களில் ஆண்டிற்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிய, கொமோடோவிற் பெய்வது ஏறத்தாழ 800 முதல் 1000 மில்லிமீட்டர் வரையே. அதுவும் சில மாதங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய காலமெல்லாம் வறட்சியே. வறட்சியைத் தாங்கும் மரங்கள் கடல் கடந்தும் ஒன்றாகவே இருக்கின்றன. நண்பர் உதிர்ந்து கிடந்த புளியம்பழம் ஒன்றை எடுத்து உடைத்தார். அப்புளிப்பு எங்கள் வீட்டுக் குழம்பின் புளிப்பே.

அடுத்து ஒரு நீர்க்குட்டை வந்தது. மான்கள் நீர் குடிக்க வருமிடம் அது. மான் வருமிடத்தில் உடும்பும் காத்திருக்கும். நான்கு உடும்புகள் புழுதியிற் கிடந்தன. அவற்றுள் ஒன்று எட்டடிக்குக் குறையாது. அது எழுந்து, பிளவுபட்ட மஞ்சள் நாவை நீட்டிக் காற்றைச் சுவைத்துக்கொண்டு எங்கள் பக்கம் நாலடி நடந்தது. நம்மூர்ப் பியாவாக்கைக் கண்டு கல்லெறிந்த என் இளமைத் துணிவெல்லாம் அக்கணமே மறைந்தது. அதன் வாயெச்சிலில் உள்ள நச்சுக் கிருமிகளே இரையைக் கொல்லுகின்றன என்று நெடுங்காலம் கருதி வந்தனர். அதன் தாடையிலேயே நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதையும், அந்நஞ்சு குருதி உறையாமற் செய்வதையும் 2009-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நேற்றுவரை நம்பிய கருத்து ஆராய்ச்சியின் முன் நில்லாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

குன்றேறும்போது வழிகாட்டியை நோக்கி, “இப்பாதைகளை அரசாங்கம் எப்போது வெட்டியது?” என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“அரசாங்கம் பலகை நட்டது, ஐயா. பாதை முன்பே இருந்தது. என் தாயார் புளி பொறுக்க நடந்த வழி இது. என் பாட்டனார் மான் வேட்டைக்குப் போன வழி அதோ அந்தப் பக்கம்.”

பின்னர் அவர் தம் மக்களிடையே வழங்கும் கதை ஒன்றைக் கூறினார். நாக இளவரசி ஒருத்திக்கு இரட்டை மகவு பிறந்தது. ஒன்று கெரோங் என்னும் ஆண். மற்றொன்று ஓரா என்னும் பெண் உடும்பு. வளர்ந்த கெரோங் ஒருநாள் தான் வேட்டையாடிய மானை உண்ண வந்த உடும்பைக் கொல்ல ஈட்டியை ஓங்கினான். தாய் தோன்றி, “கொல்லாதே, அவள் உன்னுடன் பிறந்தவள்” என்று தடுத்தாள். அதனால் அவ்வூரார் உடும்பை உடன்பிறப்பாகவே கருதி வந்தனர். தாம் கொன்ற மானில் ஒரு பங்கை அதற்கென விட்டு வந்தனர்.

பகுத்தறிவுடையோர் இக்கதையை நம்பார். மனிதக் கருவில் உடும்பு பிறவாது. ஆயினும் கொமோடோ மக்கள் அக்கதையின் பேரால் எவரையும் தாழ்த்தவில்லை, எக்காணிக்கையும் பறிக்கவில்லை, ஓர் உயிரினத்தை அழியாமற் காத்தனர். நம்மிடையே வழங்கும் கதைகள் எத்தனையோ. அவற்றால் நாம் காத்தது எது, அழித்தது எது என்று ஒரு கணக்கு எழுதிப் பார்த்தால் நல்லது.

1912-இல் டச்சு விலங்கியலாளர் ஔவன்ஸ் இவ்வுடும்பைப் பற்றி எழுதினார். உலகம் அதை ‘கண்டுபிடிப்பு’ என்று கொண்டாடியது. தலைமுறை தலைமுறையாக அதனுடன் வாழ்ந்தவர்கள் கண்டது கணக்கில் வரவில்லை. 1980-இல் அப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. 1991-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம் பெற்றது. வேட்டை தடுக்கப்பட்டது. காட்டை நம்பியிருந்தவர்கள் மீன்பிடித்தலுக்கும், மரத்தால் உடும்புப் பொம்மை செதுக்கி விற்பதற்கும் மாறினர். 2019-இல் அம்மாநில ஆளுநர் தீவையே மூடிவிட்டு, அங்கு வாழும் ஏறத்தாழ 2000 மக்களையும் அகற்ற வேண்டும் என்றார். விலங்கின் காட்டில் மனிதனுக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். மக்கள் எதிர்த்தெழுந்தனர், அவ்வாண்டிலேயே நடுவண் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. 2022-இல் தீவைக் காணும் கட்டணத்தை முப்பத்தேழரை இலட்சம் ரூப்பியாவாக உயர்த்த முயன்றபோது, லாபுவான் பாஜோவின் சுற்றுலாத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முதலில் ஒத்திவைக்கப்பட்ட அக்கட்டணம் பின்னர்க் கைவிடப்பட்டது.

இவற்றை அவர் சொல்லிக்கொண்டே வர, சல்ஃபூரியா என்னும் குன்றின் மேல் நின்றோம். மஞ்சட் கொண்டைக் கிளியின் இலத்தீன் பெயர் அது. 1974-இல் இத்தீவிற் காணாமற்போன ஐரோப்பியப் பிரபு ஒருவருக்கும் இங்கே நினைவுச் சிலுவை உண்டு. “உங்கள் பாட்டனார் நடந்த வழிக்குப் பெயர் உண்டா?” என்று கேட்டேன். “உண்டு. பலகையில் இல்லை” என்றார்.

அந்த மொழி என்னை அத்தீவிலிருந்து பெயர்த்தெடுத்து, ஒன்பதாண்டுகளுக்கு முன் நான் அமர்ந்திருந்த ஒரு நாற்காலியிற் கொண்டுபோய் வைத்தது.

நான் பிறந்த தோட்டத்திலேயே எனக்கு முதல் வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் அத்தோட்டத்தை வீடுகள் கட்டுவதற்காக விற்றார்கள். லயத்தில் எஞ்சியிருந்த பதினான்கு குடும்பங்களுக்கும் வெளியேறும் அறிவிப்பைத் தட்டச்சுச் செய்தவன் நானே. மேலிருந்து வந்த வாசகத்தில் ஒரு தொடர் இருந்தது: ‘ஆளற்ற நிலையில் ஒப்படைக்கப்பட வேண்டும்.’ அதை நான் பதினான்கு முறை அடித்தேன். கை நடுங்கவில்லை. வேலை வேலைதானே என்று எண்ணினேன்.

முப்பதாண்டு பால்மரம் சீவிய மூதாட்டி ஒருவர் அக்கடிதத்தை அலுவலகத்திற்கு எடுத்து வந்தார். என்னைக் குழந்தைப் பருவம் முதல் ‘தம்பி’ என்று அழைத்தவர். அன்று அவர், “கிராணி ஐயா, இதில் என் பெயர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அக்கடிதத்தில் வீட்டின் எண் இருந்தது, பெயர் இல்லை. நான் அதைச் சொன்னேன். அவர் கடிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

பாடார் குன்றில் நண்பர் ‘ஆளற்ற நிலம்’ என்றபோது தலையசைத்தவன் நான். என் விரல்கள் எழுதிய சொற்களே அவை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உடும்பைக் காக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. அவ்வினத்தின் நிலை இன்னும் கெட்டுவிட்டதென்று 2021-இல் உலக அமைப்பு அறிவித்துள்ளது. கடல்மட்டம் உயர்வதால் 45 ஆண்டுகளுக்குள் அதற்கேற்ற வாழிடத்தில் முப்பது விழுக்காடாவது குறையும் என்பது அதன் கணிப்பு. பூங்கா இன்றேல் மானும் இராது, உடும்பும் இராது. எனினும், காவலென்ற பெயரால் வெளியேற்றத் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்றும் ஏழைகளே ஆவது ஏன்? நூறு பேர் தங்கும் விடுதியைக் கட்டுபவனை நோக்கி ‘இது விலங்கின் காடு’ என்று சொல்ல வராத நா, குடிசையில் வாழ்பவனை நோக்கி மட்டும் எளிதிற் சொல்லிவிடுகிறது. நம் நாட்டிலும் அப்படியே. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவனின் பேரன், அத்தோட்டம் நகரமாகும்போது இடையூறு ஆகிவிடுகிறான். சட்டம் பத்திரத்தைப் பார்க்கும், பாதையைப் பாராது. பாதையைக் காட்ட வேண்டியவர் நாமே.

திரும்பி வந்த முதல் ஞாயிறன்று அம்மூதாட்டியைத் தேடிச் சென்றேன். நகர்ப்புறத்து அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடியில் மகனோடு இருக்கிறார். மன்னிப்புக் கேட்க எனக்குச் சொல் வரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து, “பாட்டி, நம் தோட்டத்தில் யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள், ஆற்றுக்கும் பள்ளிக்கும் எந்த வழியாக நடந்தோம், சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றேன். நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு முதல் லயத்தின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். இருட்டும்வரை சொன்னார். அறுபத்திரண்டு பெயர்கள், ஐந்து பாதைகள்.

நேயர்களே, உங்கள் தோட்டத்திலும் இத்தகைய பாட்டிமார் இருப்பர். அவர்கள் நினைவு அவர்களோடு போய்விடுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சென்று அமருங்கள். குடிபெயர்ந்தோருக்கு அது வீட்டைத் திருப்பித் தராது. ஆயின், ‘இங்கு எவரும் வாழவில்லை’ என்று நாளை எவரேனும் எழுதினால், மறுத்துக் காட்ட ஓர் ஏடாவது நம் கையில் இருக்கும். நான் விடைபெற்றபோது அவ்வம்மையார், “ஒரு வீட்டை விட்டுவிட்டேன், தம்பி. அடுத்த ஞாயிறும் வா” என்றார். போயிருந்தேன்.