கொப்பரை புதுசு, அடுப்பு பழசு

"பதநீர் காய்ச்சப் பெரிய சட்டி வாங்கலாமா? வாங்கினால் வேலை பாதியாகக் குறையுமா?" தை பிறந்து பனையில் பாளை வெளிவரத் தொடங்கியதும், கருப்பட்டி காய்ச்சும் குடும்பங்களில் எழும் கேள்வி இது. உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டு ஓரத்தில் விடிலி போட்டிருக்கும் ஒரு குடும்பம், ஒரு முழுப் பருவத்தைச் செலவழித்து இதற்கு விடை கண்டது. பெரிய சட்டி வாங்க நினைப்பவர்கள் அவர்கள் கதையைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

அவருக்கு வயது 53. பதினெட்டு வயதில் பனை ஏறத் தொடங்கியவர். சொந்தப் பனை 22, குத்தகைப் பனை 18, ஆக 40 பனை. காலையும் மாலையும் ஏறி இறங்குவார். பருவம் நன்றாக இருக்கும் நாளில் 100 லிட்டர் பதநீர் வரும். அதைக் காய்ச்சுவது அவர் மனைவியின் வேலை. மூத்த மகள் திருநெல்வேலியில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய படிப்புச் செலவு அந்த அடுப்பிலிருந்துதான் வரவேண்டும்.

பழைய சட்டியின் வாய் 2 அடி. ஓர் ஈட்டுக்கு 33 லிட்டர்தான் ஊற்றலாம். அதற்குமேல் ஊற்றினால் பொங்கி வழியும். ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டாலும் அடங்காது. ஓர் ஈடு பதம் வர இரண்டரை மணி நேரம். காலை 9 மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால், மூன்றாவது ஈட்டுப் பாகைச் சிரட்டையில் ஊற்றும்போது மாலை 5 மணி ஆகிவிடும். அதுவரை அந்த அம்மா புகையில்தான் நிற்கவேண்டும். கண் எரிச்சலும் இருமலும் பருவம் முடிந்த பிறகும் விடுவதில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மூன்றாவது ஈட்டுக்கான பதநீர் மதியம் வரை குடத்தில் காத்துக் கிடக்கும். கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவியிருந்தாலும், வெயில் ஏற ஏறப் புளிப்பு எட்டிப் பார்க்கும். புளித்த பதநீரில் இருக்கும் சர்க்கரை உடைந்து, இறுகாத சர்க்கரையாக மாறிவிடும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி கெட்டிப்படாது, பிசுபிசுத்துக் கசியும். கடைசி ஈட்டுக் கருப்பட்டிக்கு வியாபாரி எப்போதும் விலை குறைத்தே கேட்டார்.

அந்த அம்மா மகளிர் குழுவில் 20,000 ரூபாய் கடன் எடுத்தார். 3 அடி வாய், 1 அடி ஆழம், தட்டையான அடி உள்ள இரும்புக் கொப்பரை ஒன்று வந்து இறங்கியது. மூன்று ஈட்டை ஒரே ஈடாக முடித்துவிடலாம் என்பது இருவரின் கணக்கு.

முதல் நாள் பழைய அடுப்பின் மேலேயே கொப்பரையை ஏற்றினார்கள். 100 லிட்டரையும் ஒன்றாக ஊற்றினார்கள். நுரை கட்டவே இரண்டு மணி நேரம் ஆனது.

"ஏங்க, நடுவுல மட்டும்தான் கொதிக்கு. ஓரமெல்லாம் சும்மா கிடக்கு" என்றார் மனைவி.

"இன்னும் நாலு மட்டையைத் தள்ளு. எரிச்சா எல்லாம் கொதிக்கும்" என்றார் அவர்.

மட்டையும் காவோலையும் உடைமுள்ளும் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். இருட்டிய பிறகுதான் பாகு திரண்டது. அப்போது கொப்பரையில் மிஞ்சியிருந்த பாகு ஒரு விரல் கனம்கூட இல்லை. நடுவில் அடிப்பிடித்துக் கரிந்தது. கறுத்து, கசப்பேறிய கருப்பட்டிதான் மிஞ்சியது. மறுநாளும் அதே கதை. ஒரு வாரத்தில் கொப்பரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழைய சட்டியையே மறுபடி ஏற்றினார்கள். குழுக் கடனின் முதல் தவணை மட்டும் நாள் தவறாமல் வந்து நின்றது.

அந்த அம்மாவின் தம்பி பல வருடம் கரும்பு வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் அடுப்புத் தள்ளியவர். அக்காவைப் பார்க்க வந்தவர், கவிழ்ந்து கிடந்த கொப்பரையைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

"அத்தான், கொப்பரைதான் புதுசு. அடுப்பு பழைய சட்டிக்குக் கட்டினதுல்லா? ஒன்றரை அடி நெருப்பு மூணு அடியை எப்படிக் கொதிக்க வைக்கும்?"

விஷயம் இதுதான். நீர் ஆவியாவது பாத்திரத்தின் பரப்பையும் அதன் அடியில் படும் வெப்பத்தையும் பொறுத்தது. 2 அடி வாய்க்குப் பரப்பு சுமார் 3 சதுர அடி. 3 அடி வாய்க்கு 7 சதுர அடி. வாய் ஒரு அடிதான் கூடியது, பரப்போ இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. ஆனால் நெருப்பு பழைய இடத்திலேயே எரிந்தால், கூடிய பரப்பால் பயன் இல்லை. ஆழமாக ஊற்றினாலும் வேகம் கூடாது. காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

விறகுக் கணக்கையும் பார்ப்போம். 100 லிட்டர் பதநீரில் 11 கிலோ கருப்பட்டி கிடைத்தால், ஏறத்தாழ 89 லிட்டர் நீர் ஆவியாகியிருக்கிறது. கொதிக்கும் நீர் 1 லிட்டர் ஆவியாவதற்குச் சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். முதலில் கொதிநிலைக்குச் சூடேற்றும் வெப்பத்தையும் சேர்த்தால் 55,000 கிலோ கலோரி. காய்ந்த விறகு ஒரு கிலோவில் 3,500 கிலோ கலோரியாவது இருக்கும். ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் 16 கிலோ விறகே போதும். தம்பி சொன்னபடி அவர்கள் ஒரு நாள் விறகை எடை போட்டுப் பார்த்தார்கள். பழைய அடுப்பு 120 கிலோவை விழுங்கியிருந்தது. எட்டில் ஏழு பங்கு வெப்பம் சந்து வழியாகவும் புகையாகவும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் புகைதான் அந்த அம்மாவின் நெஞ்சிலும் இறங்கியது.

மூன்று நாள் வேலையை நிறுத்தி, அடுப்பைப் பிரித்துக் கட்டினார்கள். செங்கல்லும் செம்மண்ணும் போதுமானதாக இருந்தன. செய்த மாற்றங்கள் இவை:

உள்வாய் இரண்டரை அடி. கொப்பரையின் விளிம்பு சந்தில்லாமல் சுவரில் உட்காரும்படி மண் பூசினார்கள். விறகு தரையில் கிடந்து எரியாமல், கம்பிச் சட்டத்தின் மேல் எரிந்தது. சாம்பல் கீழே விழ, காற்று அடியிலிருந்து ஏறியது. பின்பக்கம் புகை போக ஒரு குழல் வைத்தார்கள். விடிலி ஓலைக் கூரை என்பதால், குழலைக் கூரை வழியாக ஏற்றாமல் பக்கவாட்டில் வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். இதில் அலட்சியம் கூடாது. ஒரு பொறி போதும்.

புகை போகும் வழியின் மேல் ஓர் எவர்சில்வர் அண்டாவை உட்காரவைத்தார்கள். அடுத்து ஊற்றவேண்டிய பதநீர் அதில் இலவசமாகச் சூடேறும். குளிர்ந்த பதநீரை ஊற்றினால் கொதி அடங்கிவிடும். சூடான பதநீரை ஊற்றினால் கொதி நிற்காது. சுண்ணாம்பு கலந்த பதநீர் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அலுமினிய அண்டா வேண்டாம்.

கொப்பரையில் நான்கு விரல் ஆழத்துக்கு மேல் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். அதுவே 50 லிட்டர் பிடிக்கும். வற்ற வற்ற அண்டாவிலிருந்து எடுத்து ஊற்றினார்கள். கூப்பனிப் பதம் வந்ததும் பழைய சட்டிக்கு மாற்றி, பக்கத்துச் சின்ன அடுப்பில் பாகு திரட்டினார்கள். கடைசியில் மிஞ்சும் கொஞ்சம் பாகுக்குச் சின்னச் சட்டிதான் பொருத்தம். கிண்டுவதும் எளிது, கரிவதும் இல்லை. பழைய சட்டியை விற்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கும் குடும்பங்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன. அந்தச் சாற்றில் இனிப்பு 2 சதவீதம் அளவுக்கே இருக்கும். 1 லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வற்றவேண்டும். அதனால் ஆழமில்லாத அகன்ற தட்டுத் தொட்டி, அடி முழுவதும் பரவும் நெருப்பு, உள்ளே வரும் சாற்றை முன்பே சூடாக்கும் ஏற்பாடு ஆகியவை அங்கே பழக்கத்தில் உள்ளன. நம் பதநீரில் இனிப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது நமக்கு லாபம்.

புதிய அடுப்பில் வேலை பிற்பகல் 2 மணிக்கு முடிந்தது. விறகு 70 கிலோவாகக் குறைந்தது. எல்லாப் பதநீரும் மதியத்துக்குள் சூடேறிவிடுவதால், கடைசிக் கருப்பட்டியும் முதல் கருப்பட்டியைப் போலவே இறுகியது. கதை இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

மனைவிக்கு மூன்று மணி நேரம் மிச்சமானதைப் பார்த்ததும் அவருக்கு வேறு கணக்கு ஓடியது. கொப்பரைக்கு இன்னும் இடம் இருக்கிறது, கடனும் இருக்கிறது. பங்குனியில் இன்னும் 15 பனையைக் குத்தகைக்குப் பிடித்தார். 40 பனை 55 ஆனது. ஒரு நாளைக்கு 110 தடவை ஏறி இறங்கவேண்டும். காலை 9 மணிக்கு விடிலிக்கு வந்த பதநீர் 11 மணிக்கு வந்தது. பழையபடி புளிப்பு வந்தது. பழையபடி கருப்பட்டி கசிந்தது.

ஒரு மாலை, இருட்டும் நேரத்தில், கடைசி மரங்களில் ஒன்றில் அவருக்குக் கால் நடுங்கியது. ஆறேழு அடி உயரத்திலிருந்து மரத்தைக் கட்டிக்கொண்டே சறுக்கினார். நெஞ்சும் முழங்கையும் உரிந்தன. முப்பது அடி உயரத்தில் நடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று இரவு அந்த அம்மா குழு நோட்டைத் திறந்தார். கூடுதல் 15 பனையின் குத்தகை, கூடுதல் விறகு, விலை குறைந்துபோன கருப்பட்டி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினார். மாதத்துக்கு மிஞ்சியது சில நூறு ரூபாய்.

"இதுக்காகவா அந்த நேரத்துல ஏறுதீங்க? மரம் இருக்குன்னு சட்டி வாங்கினோம். இப்போ சட்டி இருக்குன்னு மரம் ஏறுதீங்க" என்றார்.

அவர் பதில் சொல்லவில்லை. காலையில் போய் 15 பனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மிச்சமான பிற்பகலில் அந்த அம்மா முதலில் செய்த காரியம் தூங்கியது. இருமல் குறைந்த பிறகு, ஒரு பகுதிப் பாகில் சுக்கும் ஏலக்காயும் இடித்துப் போட்டு, சின்னச் சின்னத் துண்டுகளாகச் சுக்குக் கருப்பட்டி ஊற்றத் தொடங்கினார். திருச்செந்தூர் போய்வரும் உறவினர்கள் வாங்கிப் போகிறார்கள். மரம் கூடவில்லை. அதே பதநீரில் வருமானம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

பெரிய கொப்பரை வாங்க நினைப்பவர்கள், கடன் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இவற்றை நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பதநீர் வருகிறது? எத்தனை மணிக்கு விடிலிக்கு வருகிறது? ஓர் ஈடு முடிய எவ்வளவு நேரம்? எத்தனை கிலோ விறகு எரிகிறது? எந்த ஈட்டுக் கருப்பட்டி கெடுகிறது? கடைசி ஈடு மட்டும் கெட்டால், காய்ச்சும் வேகம் போதவில்லை. முதல் ஈடே கெட்டால் குறை கலயத்துச் சுண்ணாம்பிலோ, பதநீர் வந்து சேரும் நேரத்திலோ இருக்கலாம். அதற்குக் கொப்பரை மருந்தாகாது. விறகு அதிகம் போகிறது என்றால், முதலில் அடுப்பைப் பிரித்துக் கட்டுங்கள். அதன் செலவு கொப்பரையின் விலையில் சிறு பங்குதான். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

அந்த வீட்டில் இப்போது 40 பனைதான். கொப்பரைக் கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி இருக்கிறது. பிற்பகல் 3 மணிக்கு அந்த விடிலிக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். சிரட்டைகளில் கருப்பட்டி ஆறிக்கொண்டிருக்கும்.