பால்மரச் சாலையில் பெண்கள் பந்தயம்

தீபகற்ப மலேசியாவில் காலை ஏழு மணி வாக்கில்தான் பொழுது விடிகிறது. சிரம்பானுக்கு வெளியே, பாரோய் பக்கம், சைக்கிள் விளக்குகளின் வெளிச்சத்தில் பெண்கள் கூடி நின்றோம். உள்ளூர் சைக்கிள் குழு ஒன்று மகளிருக்காக நடத்திய சாலைப் பந்தயம் அது. ஆசிரியை, தாதி, வங்கி ஊழியர், கல்லூரி மாணவி என்று பலர் வந்திருந்தார்கள். யாருக்கும் இது பிழைப்பல்ல, ஆசை. மலாய், சீன, தமிழ் முகங்களுக்கு நடுவே புதுக்கோட்டையிலிருந்து போன நானும் ஒருத்தி. புக்கிட் புத்துஸ் மலையேறி, கோலப்பிலா வழியாகப் பகாவ் போய்ச் சேர வேண்டும். 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

மலையேற்றம் பழைய சாலையில். புதிய அகலச் சாலை வந்த பிறகு கார்களும் லாரிகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. வளைவுக்கு வளைவு காடு நெருங்கி வந்தது. சிள்வண்டுகளின் இரைச்சலும் எங்கள் மூச்சும் தவிர வேறு சத்தமில்லை. 1875 டிசம்பரில் ஆங்கிலேயப் படை இந்தக் கணவாயில்தான் மலாய்ப் படையோடு மோதியது. அன்று அரணை உடைத்த கேப்டன் சானருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. துப்பாக்கிகள் முழங்கிய அந்தக் கணவாயில், முக்காடிட்ட தலைக்கு மேல் தலைக்கவசம் அணிந்த பெண்ணொருத்தி என்னை முந்திக்கொண்டு ஏறினாள். "வா அக்கா, ஜோம்!" என்று கை காட்டினாள். மேலே எட்டும்வரை அவள் பின்சக்கரத்தை நான் விடவில்லை.

இறக்கம் முடிந்ததும் தெராச்சி. வயல்களும் தென்னைகளும் எருமைக் கொம்புபோல் வளைந்த கூரை வீடுகளும் வந்தன. ஸ்ரீ மெனாந்திக்குப் பிரியும் சாலை இங்கேதான். ஆணியில்லாமல் மரத்தாலேயே கட்டிய பழைய அரண்மனை அங்கே இருக்கிறது. சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்களின் வழக்கப்படி, இந்த மாநிலத்தில் பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. 'அடாட் பெர்பாத்தே' என்பார்கள். மண் பெண்ணுக்கு என்று சொல்லும் ஊரில் பெண்களாகச் சைக்கிள் மிதித்துப் போவது எனக்குப் பெருமிதமாக இருந்தது.

கோலப்பிலா தாண்டி, ஜுவாசே தாண்டியதும் தோட்டங்கள். ஒரு பக்கம் செம்பனை, இடையிடையே நிரை பிடித்து நிற்கும் ரப்பர் பால்மரங்கள். உதிர்ந்த செம்பனைப் பழங்கள் சக்கரத்தில் பட்டால் வழுக்கும் என்று முன்னால் போகிறவர்கள் கைகாட்டி எச்சரித்தார்கள். சமவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்டினோம். முன்னே போகிறவள் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னே வருகிறவளுக்குப் பாரம் குறையும். முறை வைத்து முன்னே போனோம்.

அந்தச் சாலையில் மிதிக்கும்போது என் டயரைத்தான் நினைத்துக்கொண்டேன். 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் மோகத்தில் மூழ்கின. பிறகு மோட்டார் கார் வந்தது. ரப்பருக்கு உலகமே பறந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் தொடங்கிய பயிர், 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்பவரின் தோட்டமாகி, மலாயா முழுக்கப் பரவியது. தோட்டம் போடக் காட்டை அழிக்கவும் பால் எடுக்கவும் கங்காணிகள் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். டன்லப் கம்பெனியே பிற்பாடு பகாவ் பக்கம் தோட்டங்கள் வைத்திருந்தது.

வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால் விடியும் முன்பே பெண்கள் தலையில் விளக்கோடு நிரைக்குள் போனார்கள். மரம் சீவி, மங்கில் பால் பிடித்து, வாளி சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தார்கள். 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. குடியிருந்த லயமும் கம்பெனிக்கே சொந்தம். மகளுக்கு நிலம் போகும் மாநிலத்தில் தமிழச்சிக்கு ஒரு சாண் நிலமில்லை. உலகத்தின் சக்கரங்களை உருட்டியவள் நடந்தே போனாள்.

பகாவில் பந்தயம் முடியும் இடத்தில் முன்னாள் பால்வெட்டுப் பாட்டி ஒருவர் பேத்தியோடு நின்றிருந்தார். "பசியாறிட்டியாம்மா?" என்றார் முதலில். கொடுத்த மைலோவைக் குடித்ததும் என் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தார். "எங்க தண்டல் (மேற்பார்வையாளர்) சைக்கிள்ல வருவாரு. எங்களுக்கு அதத் தொடக்கூட பயம். பின்னால நானே ஓட்டக் கத்துக்கிட்டேன், பால் வெட்டப் போக" என்றார். என் அம்மாவின் குரலைக் கேட்டது போலிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. அவர்களில் என் அம்மாவும் ஒருவர். சைக்கிள் வந்த பிறகு கேணிக்கும் சந்தைக்கும் போக அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

பேத்தி என்னிடம் கேட்டாள்: "வேலை பாத்துக்கிட்டே இதுல பெரிய ஆளாக முடியுமா அக்கா?" முடியும் என்பதற்கு எனக்கு அன்னா கீசன்ஹோஃபர் நினைவுக்கு வந்தார். ஆஸ்திரியக் கணித ஆய்வாளர், 2021-இல் எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர். அந்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கின் 137 கிலோமீட்டர் மகளிர் சாலைப் பந்தயத்தில் தொடக்கத்திலேயே முன்னேறிப் போய்த் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த வீராங்கனை, அவர் முன்னே போனதை அறியாமல், தானே வென்றதாகக் கைகளை உயர்த்தினார். மகளிர் சாலைப் பந்தயம் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1984-இல்தான். மலேசியாவுக்கும் முன்னோடி உண்டு: ஃபாத்தேஹா முஸ்தாபா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டினார். தேசிய வெலோட்ரோம் (சைக்கிள் ஓடுதள அரங்கம்) இதே மாநிலத்தின் நீலாயில் இருக்கிறது. 2017 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளின் ஓடுதளச் சைக்கிள் பந்தயங்கள் அங்கே நடந்தன.

பாதையும் மைதானமும் இந்த மாநிலத்திலேயே இருக்கின்றன. தோட்டப்புறத்துப் பெண்பிள்ளைகளின் கையில் சைக்கிள்தான் இல்லை. தமிழ்ப்பள்ளிகளுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் வசதி உள்ள தமிழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, இந்தப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், பயிற்சியாளர் ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். இவர்களுடைய பாட்டிமார் எடுத்த பாலில்தான் உலகம் டயர் செய்தது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.