முள்ளுக்கு அஞ்சாத செருப்பு

புதுச் செருப்பு வாங்கப் போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? நிறத்தை, பிறகு, புடவைக்குப் பொருந்துமா என்பதை. "எத்தனை நாள் உழைக்கும்?" என்று கேட்பவர் பெரும்பாலும் பணம் கொடுக்கும் வீட்டுக்காரர்தான்! அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் காட்டு வெளியில் இந்த வரிசை தலைகீழ். அங்கே முதல் கேள்வியே, "முள் ஏறுமா, ஏறாதா?" என்பதுதான்.

மதுரைக்குத் தெற்கே இருக்கிறது அருப்புக்கோட்டை. தறி ஓசையும் மல்லிகை மணமும் கலந்த ஊர். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் போனால் குண்டாற்றங்கரையில் திருச்சுழி. திருமேனிநாதரைத் தரிசித்துவிட்டு, 1879-ல் ரமண மகரிஷி அவதரித்த வீட்டையும் பார்த்துவிட்டு எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். நீங்கள் மட்டும் ஊருக்கு வெளியே சற்று நடந்து பாருங்கள்.

எங்கு பார்த்தாலும் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் பசையாகிக் காலைப் பிடித்துக் கொள்ளும். தரிசெல்லாம் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, இங்கேயே தங்கிவிட்ட மரம். ஆனாலும் மழை பொய்த்த வருஷங்களில் இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. விறகு சுமக்கவும் கரி அள்ளவும் பெண்களும் போகிறார்கள். அதன் முள் சைக்கிள் டயரையே துளைத்துவிடும். பாதத்தில் ஆழமாக ஏறிச் சீழ் வைத்துவிட்டால், நாலு நாள் கூலி போய்விடும்.

இந்த முள்ளுக்கு மாற்றாக வந்ததுதான் டயர் செருப்பு. ஓடித் தேய்ந்த பழைய லாரி டயரைப் பாதத்தின் அளவுக்கு அறுப்பார்கள். கத்தியைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டால் ரப்பர் வழுக்கிக் கொண்டு அறுபடும். வாரும் டயர் நாடாதான். ஆணி அடித்து முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. டயருக்குள்ளே நூல் அடுக்கு அடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறதல்லவா? முள்ளைத் தடுத்து நிறுத்துவது அந்த அடுக்குதான்.

பனி நாடுகளில் காலில் பலகை கட்டிச் சறுக்கி விளையாடுகிறவர்கள், பலகை வளைந்து கொடுக்குமா, ஓரத்து எஃகுப் பட்டை எத்தனை அடி தாங்கும் என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். கரிசல்காட்டுக் கணக்கும் அதேதான். டயரின் நடுப் பகுதியில் அறுத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் கனம், வளையாது. பக்கவாட்டில் அறுத்தால் இலேசு, வளையும், சீக்கிரம் தேய்ந்துவிடும். இரண்டிலும் அடிப்பாகத்துக்கு முன்னே தோற்பது வாரும் ஆணியும்தான். வெயிலில் கழற்றிப் போட்டால் தோசைக்கல்! மழையில் களிமண் அப்பிக் கொண்டால் கையில் தூக்கிக் கொள்ள வேண்டியதுதான்.

இது நம் ஊர்ச் சரக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். வியட்நாம் யுத்தத்தில் போர்வீரர்கள் காட்டு வழியெல்லாம் டயர் செருப்போடு நடந்தார்கள். கென்யாவின் மாசாய் மக்களும் அணிகிறார்கள்.

செருப்பு உழைத்தால் மட்டும் போதுமா? போட்டுக் கொள்ளவும் விட வேண்டுமே! தென்பாண்டிக் கிராமங்கள் பலவற்றில், தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொண்டுதான் நடக்க வேண்டும் என்றொரு கொடுமை இருந்தது. தீண்டாமைக் குற்றங்களைத் தண்டிக்க 1955-லேயே சட்டம் வந்தது. சட்டம் தெருவுக்குள் நுழையத்தான் காலம் பிடித்தது. முள்ளைத் தடுத்த செருப்புக்கு மனிதரின் பார்வையைத் தடுக்க முடியவில்லை. காட்டிலே காலைக் காத்தது, ஊருக்குள்ளே கையில் தொங்கியது!

இன்று பிளாஸ்டிக் செருப்பு மலிந்துவிட்டது. லாரிகளுக்கு எஃகுக் கம்பி வைத்த ரேடியல் டயர்கள் வந்துவிட்டதால் அறுப்பதும் சிரமம். டயர் செருப்பு அருகிவிட்டது. திருச்சுழிக் கோயில் வாசலில் நீங்கள் செருப்பு விடும்போது, பளபளப்பான ஜோடிகளுக்கு நடுவே கறுப்பாக, கனமாக ஒரு ஜோடி கண்ணில் பட்டால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் செருப்பைச் சற்றுத் தள்ளி வைத்து, அதற்கும் இடம் விடுங்கள்.