பங்கோர் தீவின் டச்சுக் கோட்டை

கோட்டை என்ற சொல்லோடு செஞ்சியையும் வேலூரையும் நினைத்துக்கொண்டு வருபவருக்குப் பங்கோர் தீவின் டச்சுக் கோட்டை ஏமாற்றமே தரும். மலேசியாவின் பேராக் மாநிலத்துக்குரிய அத்தீவின் கிழக்குக் கரையில், தெலுக் கெடுங் என்ற சிற்றூரில், கூரையில்லாத நான்கு சுவர்களாக அது நிற்கிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருவோர் தாப்பா வழியாக இறங்கி, லுமுட் துறையில் படகேறித் தீவை அடையலாம். மலாக்கா நீரிணையில் பாய்மரப் படகில் உலா வருபவர்கள் தீவுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள ஒதுக்கமான கால்வாயில் நங்கூரமிட்டு, ஒரு பகல் கரையிறங்கிச் சுற்றுகிறார்கள்.

டச்சுக்காரர்களை இங்கே இழுத்தது வெள்ளீயம். 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பேராக்கில் தோண்டப்படும் ஈயம் முழுவதும் தன் கிடங்குக்கே வரவேண்டும் என்றது. 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியதும் இதே கம்பெனிதான். துணி கொண்டுவந்து ஈயம் வாங்கிப் போன தமிழ் வணிகர்களுக்கு அந்த ஏகபோகம் நேரடி இடைஞ்சல். சுரங்கம் வைத்திருந்த மலாய்க்காரர்களுக்கோ பிழைப்பிலேயே கைவைத்தது போல. 1651இல் பேராக்கில் இருந்த டச்சுப் பண்டகசாலை தாக்கப்பட்டு, அங்கிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 1670இல் கம்பெனி தீவில் கோட்டை கட்டியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும்.

அந்தக் கோட்டை உயிரோடு இருந்த காலத்தை இன்று காட்டுவது சுவர்களைவிட ஒரு மாலுமியின் குறிப்புதான். 1689இல் மலாக்காவிலிருந்து அச்சே நோக்கிப் போன ஆங்கிலக் கப்பலொன்று இங்கே நின்றது. அதில் இருந்த வில்லியம் டாம்பியர் கரையிறங்கிக் கண்டதை எழுதிவைத்தார். கொத்தளம் எதுவும் இல்லாத சதுரக் கட்டடம். ஒவ்வொரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு கஜம். கற்சுவர் சுமார் முப்பதடி உயரம். மேலே வீடுபோலக் கூரை. உள்ளே பதினாறடி உயரத்தில் ஒரு மேடை, அதில் பன்னிரண்டு, பதினான்கு பீரங்கிகள். வெளிப்படிகளில் ஏறி அந்த மேடைக்குப் போகும் ஒரே வாசலைத் தவிர உள்ளே நுழைய வேறு வழி கிடையாது. இருபது முப்பது வீரர்கள் பீரங்கிகளுக்கு நடுவிலேயே படுத்தார்கள்.

கோட்டையின் ஆளுநர் பகற்பொழுதை மட்டும் கடலோரம் ஒரு மரவீட்டில் கழித்தார். கப்பலில் வந்தவர்களுக்கு அங்கேதான் விருந்து, அதுவும் வெள்ளித் தட்டுகளில். சாப்பிடத் தொடங்கிய நேரத்தில் ஒரு சிப்பாய் மலாய்க்காரர்கள் வருவதாகக் கத்த, ஆளுநர் விருந்தாளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சன்னல் வழியே குதித்துக் கோட்டைக்கு ஓடினார். அதிகாரிகளும் பின்னாலேயே ஓடினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கிகள் முழங்கின. தாக்க யாரும் வரவில்லை. மீன்பிடிக்கப் போன டச்சுப் படகொன்றை ஆயுதம் தாங்கிய மலாய்க்காரர்கள் சற்றுத் தொலைவில் மறித்து, ஓரிருவரைக் கொன்றிருந்தார்கள், அவ்வளவே. கடலுக்கே அதிபதி என்று சொல்லிக்கொண்ட கம்பெனியின் ஆட்கள் சொந்தத் தீவில் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிடக்கூட முடியவில்லை.

அடுத்த ஆண்டே, 1690இல், உள்ளூர் மலாய்க்காரர்கள் கோட்டையை அழித்தார்கள். 1743இல் கம்பெனி அதை மீண்டும் கட்டியது, 1748இல் கைவிட்டது. அந்த இரண்டாம் வருகையின் தடயம் கோட்டைக்கு அருகிலுள்ள பெரும்பாறையில் இருக்கிறது. கம்பெனியின் முத்திரை, 1743 என்ற ஆண்டு, குழந்தையைக் கவ்விய புலி ஆகியவை அதில் செதுக்கப்பட்டுள்ளன. டச்சுக் குழந்தை ஒன்றைப் புலி தூக்கிச் சென்றதாக ஊரில் கதை. மலாய்க்காரர்களைத்தான் புலியாகக் காட்டினார்கள் என்று கருதுவோரும் உண்டு. டாம்பியரைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டாவது விளக்கம் பொருத்தமாகவே படும்.

பின்னர் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. பேராக்கில் அவர்களுடைய ஆதிக்கத்துக்கு வழிவகுத்த 1874 ஒப்பந்தம் இத்தீவின் பெயரையே தாங்கியிருக்கிறது. 1935இல் பங்கோர் மீண்டும் பேராக்குடன் சேர்ந்தது.

இன்று காண்பது பெரும்பாலும் 1973இல் சீரமைக்கப்பட்ட சுவர். கூரையும் பீரங்கி மேடையும் இல்லாததால், கோட்டை எப்படி இயங்கியது என்பதை வெறும் கண்ணால் பார்த்து அறிய முடியாது. அதனால் பாறையின் செதுக்கலும் ஒரு முக்கியமான சான்று. நெத்திலி காயும் மீனவர் குடியிருப்புகளையும், கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலையும் பார்க்க வரும் தமிழர்கள் இந்தப் பாறைக்கும் சிறிது நேரம் ஒதுக்கவேண்டும்.