அவசரப் பாலம்

ஐம்பத்தெட்டு வயசுக்குமேல் ஒருவனுக்குக் கூடாரத்தில் படுக்கிற ஆசை வரக்கூடாது. எனக்கு வந்துவிட்டது. ஸ்பெயின் தேசத்தில், ரோண்டா என்ற மலையூருக்கு வெளியே, மகன் அடித்துக் கொடுத்த கூடாரத்தில் இரவெல்லாம் முதுகுக்கடியில் ஒரு கல் உறுத்திக்கொண்டே இருந்தது. விழித்திருப்பதை வீணாக்குவானேன் என்று, டார்ச் வெளிச்சத்தில் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். கதாநாயகியைக் கொல்ல முக்கால் மணி நேரம் பிடித்தது.

காலையில் மனைவி அதைப் படித்தாள். மடித்து என்னிடமே கொடுத்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், சொல்வதைவிட மோசம்.

நடந்தே ஊருக்குள் போனோம். அவசரமே இல்லை. வெள்ளைச் சுவர்கள், இரும்புக் கம்பி போட்ட ஜன்னல்கள். ஒரு கடையில் காப்பியும், தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய ரொட்டியும் சாப்பிட்டோம். "கொஞ்சம் மிளகாய்ப் பொடி இருந்தால் தேவலை" என்றாள் மனைவி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். 1785-ல் திறந்த காளைச் சண்டை அரங்கை வெளியிலிருந்து பார்த்ததே போதும் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் தெரு போய்க்கொண்டே இருக்கிறது. திடீரென்று இரண்டு பக்கமும் வீடுகளைக் காணோம்! பாலத்தின்மேல் நிற்கிறோம். எட்டிப் பார்த்தேன், அடிவயிறு கலங்கியது. 98 மீட்டர் கீழே குவாதலெவின் ஆறு வேட்டிக் கரைபோல் நெளிகிறது. பறவைகள் நமக்குக் கீழே பறக்கின்றன. அவற்றின் முதுகைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"இது இரண்டாவது பாலம், அப்பா. முதலில் 1735-ல் ஒன்று கட்டினார்கள். எட்டே மாசத்தில் முடித்துவிட்டார்கள். 1741-ல் இடிந்து விழுந்து ஐம்பது பேர் வரை செத்துப் போனார்கள்" என்றான் மகன். "இதை 1751-ல் ஆரம்பித்து 1793-லேதான் முடித்தார்கள்."

நாற்பத்திரண்டு வருஷம்! ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் இதில் நடந்து பார்த்திருப்பார்கள்?

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல், பாறைச் சரிவில் ஒற்றையடிப் பாதையாகக் கீழே இறங்கினோம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் பாலம் முழுசாகத் தெரிகிறது. நடு வளைவுக்குமேல் ஒரு ஜன்னல். உள்ளே ஓர் அறை. ஒரு காலத்தில் சிறையாக இருந்ததாம். முழங்கால் வலிக்க ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். மகன் படம் எடுக்கப் போயிருந்தான்.

"அவள் ஏன் சாகணும்?" என்றாள் மனைவி.

"கதை அப்படிப் போகிறது."

"கதை போகலை. அவளை வைத்துக்கொண்டு என்ன பண்றதுன்னு உங்களுக்குத் தெரியலை. அதுதானே?"

அதுதான்.

சாயங்காலம் பத்திரிகை ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இரவு, கூடாரத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, அந்தக் கல்லை எடுத்து வெளியே போட்டேன். அப்படியும் தூக்கம் வரவில்லை. உயிரோடு இருப்பவளுக்கு நாற்பது வயசுகூட ஆகவில்லை. கையில் ஒரு வேலை இல்லை. போக ஒரு வீடு இல்லை.